கையில் கொடுக்காத உப்பு

1

மார்கழி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் கதை குறைந்துவிடும். இருபத்தாறாம் திகதி காலையில் என் மனைவி புஷ்பம் என் அண்ணனுடைய படத்துக்கு விளக்கேற்றிச் சோறும் மீன்கறியும் படைப்பாள். மகள் தர்சினி நேரங்கழித்து எழும்பி வந்து கும்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கடல் பெருகிய சுனாமி வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். பெரியப்பா அவளுக்கு ஒரு படம்தான்.

இம்முறை அந்த நாளுக்குச் சற்று முன்னதாக என்னைக் கந்தோருக்கு வரும்படி சொன்னார்கள்.

இந்த நாட்டுக்காரரும் அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்கிறார்கள். மட்டக்களப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போன சொல் அது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் நான் முதலில் விளங்கிக்கொண்ட சொல்லும் அதுதான். விளங்கியதால் சந்தோஷம் வரவில்லை. எந்த ஊரிலும் கந்தோர் என்பது கதிரை நுனியில் இருந்து காத்திருக்கிற இடம்.

நான் வேலை செய்வது வடக்குக் கரையில், ஒரு சிறிய துறைமுகப் பட்டணத்துக் களஞ்சியத்தில். கடலுக்கடியிலிருந்து துளைத்தெடுத்த உப்பை அங்கே அடுக்கி வைக்கிறோம். ஊரில் இருக்கும் என் மச்சானிடம் ரெலிபோனில் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"உப்ப ஏன்டா துளைக்கிற? அங்க கடல்ல தண்ணி இல்லையா? பாத்தி கட்டிக் காயவிடச் சொல்லு."

"இஞ்ச வெயில் இல்ல மச்சான்."

"அப்ப நீ என்னத்துக்கு அங்க இரிக்கிற?"

ஒரு வருடத் தற்காலிக வேலை. மாசியோடு முடியும். அதற்குள் நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். இதற்கு முன்பு தக்காளிக் கூடாரம், மீன் பொதி செய்யுமிடம், ஆஸ்பத்திரிச் சலவை என்று பல இடங்களில் நின்றிருக்கிறேன். எல்லாம் ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள் தந்த வேலைகள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இன்னோர் இடத்துக்குப் போய், என் பெயரை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கத் தெம்பில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. நான் கூச்சக்காரன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை வேறு எங்கே கிடைக்கும்?

2

இந்த உப்பு எதற்கு என்று ஊரில் பலர் கேட்பதால், எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

இங்கே கடலுக்குள் காற்றாடிகள் நட்டிருக்கிறார்கள். காற்று பலமாக வீசினால் மின்சாரம் மிஞ்சும். வீசாத நாளில் ஒன்றுமில்லை. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் என்ற வாயுவை எடுத்து வைத்தால், காற்றில்லாத நாளில் எரிக்கலாம். ஆனால் அதைவிட இலேசான வாயு உலகத்தில் இல்லை. மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் நழுவிவிடும். தடித்த உப்புக்குள் அடைத்தால் மட்டும் நழுவாதாம். அதனால் கடலின் தரைக்குக் கீழே, ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், உப்பு எங்கே தடிப்பாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்று தேடுகிறார்கள். நல்ல இடம் அமைந்தால் குழாய் இறக்கி, தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, பெரிய குகையாக்கி, அதற்குள் வாயுவை அடைப்பார்கள். தரைப் பகுதிகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள். கடலுக்கடியில் செய்யலாமா என்பதுதான் இப்போது கேள்வி.

தேடிப் பார்க்கத் துளைக்கும்போது உப்பு நீண்ட தண்டாக மேலே வருகிறது. என் முழங்கைப் பருமன் இருக்கும். சில தண்டுகள் கண்ணாடி போலத் தெளிவு, சில சாம்பல் நிறம், சில இறால் அவித்தது போலச் சிவப்பு. சிவப்பு கூடாது என்பார்கள். அது வேறு வகை உப்பு, மற்றதைவிடச் சுறுக்காகக் கரைந்து குகையின் உருவத்தைக் கெடுத்துவிடும். தண்டை ஈரம் படாமல் சுற்றி அனுப்புவார்கள். நான் பெட்டியைத் திறந்து, பிரித்து, உலர்ந்த தூரிகையால் துடைத்து, நீண்ட இரும்பு மேசையில் வரிசையாக வைக்க வேண்டும். களஞ்சியத்துக்குள் தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுபோகக் கூடாது. கை வியர்வையும் ஆகாது, கையுறை போட வேண்டும்.

உப்பைப் பார்த்துச் சொல்கிறவர் லீஸ்பெத். மண்ணியல் படித்த இளம் பெண். நல்ல உயரம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சிறு துண்டு ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். உப்புக்குள் ஒரு துளி தண்ணீர் இருந்தது. துண்டைச் சாய்த்தால் அந்தத் துளிக்குள் ஒரு குமிழி நகர்ந்தது.

"இங்கே ஒரு கடல் இருந்து வற்றியது. இது அந்தக் கடலின் தண்ணீர். இருபத்தைந்து கோடி வருடமாக வெளியே வரவில்லை," என்றார்.

"நல்ல மூடி," என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருடத்தில் வேலைத்தலத்தில் நான் சொன்ன ஒரே பகிடி அதுதான். அதையும் பகிடியாக நினைத்துச் சொல்லவில்லை.

3

புஷ்பத்துக்கு இந்த வேலையில் விருப்பமில்லை. இந்தப் பக்கத்தில் தரைக்கடியிலிருந்து வாயு எடுத்து எடுத்தே நிலம் ஆடி, பல வீட்டுச் சுவர்கள் வெடித்திருக்கின்றன. அதை அவள் பார்த்திருக்கிறாள்.

"கடலுக்கடியில கிடங்கு வெட்டினா, கடல் உள்ளுக்க இறங்காதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இறங்காது புள்ள. மேல எவ்வளவு மண்ணும் கல்லும் இரிக்கி. உப்பு பிசைஞ்ச மா மாதிரி. வெடிச்சாலும் நெரிபட்டுத் தானா மூடிரும்."

"ஆர் சொன்ன?"

"லீஸ்பெத்."

"அந்தப் புள்ள கடல் வந்து பார்த்திரிக்காளா?"



எங்கள் வீட்டில் உப்பைக் கையில் கொடுப்பதில்லை. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். தமிழ் வீடுகள் பலவற்றில் உள்ள வழக்கம்தான். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். தர்சினி சாப்பாட்டு மேசையில் கையை நீட்டி, "அப்பா, உப்பு" என்பாள். நான் போத்தலை அவள் கைக்கு ஒரு சாண் இப்பால் வைப்பேன்.

"இந்த வீட்டில உப்புக்கு மட்டும் தனி ட்ராபிக் லைட்," என்பாள் அவள்.

"எடுத்துப் போட்டுக்கொண்டு தின்னு," என்பாள் புஷ்பம்.

மற்ற வழக்கங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மரக்கறி போய்விட்டது, ஏனென்றால் அன்றைக்குத்தான் வேலைத்தலத்தில் பொரித்த மீன் தருவார்கள். தர்சினி என்னோடு தமிழில் தொடங்கி அவர்கள் மொழியில் முடிப்பாள். நான் முதல் பாதிக்குப் பதில் சொல்வேன். உப்பு மட்டும் போகவில்லை. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

4

களஞ்சியத்திலும் என் கை அப்படித்தான் செய்தது. லீஸ்பெத் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, இன்ன துண்டு வேண்டும் என்று கை நீட்டுவார். நான் மேசையில் வைப்பேன். சுத்தியலைக் கேட்டால் கையில் கொடுப்பேன். பேனையைக் கொடுப்பேன், பூதக்கண்ணாடியைக் கொடுப்பேன். உப்பை மட்டும் வைப்பேன். எத்தனையோ மாதம் அப்படியே போனது.

கந்தோருக்குக் கூப்பிடுவதற்கு முதல் நாள் அவர் ஏணியில் நின்று மேல் தட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் வெள்ளையும் சேருமிடத்துத் துண்டு ஒன்றைக் கேட்டுக் கீழே கை நீட்டினார். மேசை தூரத்தில் இருந்தது. நான் துண்டோடு நின்றேன். அவர் கையை இன்னும் நீட்டினார். நான் அதை ஏணியின் படியில் வைத்தேன். வைத்த கையை எடுத்ததும் அது உருண்டு கீழே விழுந்து தூளாகிவிட்டது.

லீஸ்பெத் ஏசவில்லை. இறங்கி வந்து தூளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்?" என்று மட்டும் கேட்டார். நான் தூளைக் கூட்டத் தும்புத்தடி எடுக்கப் போனேன்.

அடுத்த நாள் கந்தோரில் மேலாளர் ஹெரித் எனக்கு முன்னால் குடிக்கக் கோப்பி வைத்தார். இங்கே நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே கோப்பிதான்.

"லீஸ்பெத் முறைப்பாடு செய்யவில்லை. கவலைப்படுகிறார்," என்றார். "நீங்கள் அவர் கையில் ஒன்றும் கொடுப்பதில்லையாம். கையுறை போட்டிருக்கும்போதும் கொடுப்பதில்லையாம். அவர் பெண் என்பதாலா? உங்கள் மதம் அப்படியா?"

எனக்கு முக்கால்வாசி விளங்கியது. முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

எங்கள் ஊரில் மேலே உள்ளவர் கேட்கும்போது தலை குனிந்து நிற்பது மரியாதை. சண்டைக் காலத்தில் அது மரியாதை மட்டுமல்ல. சோதனைச் சாவடியில் எவன் என்ன கேட்டாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினோம். அலைக்குப் பிறகு எங்கள் ஊரான செட்டிபாளையத்தை விட்டு நாவற்குடாவில் மாமி வீட்டில் இருந்தபோது, இரவில் அக்கரையான படுவான்கரைப் பக்கமிருந்து வாவிக்கு மேலால் செல் வெடிக்கும் சத்தம் வரும். காலையில் அதைப் பற்றி ஒருவரோடொருவர் கதைக்கமாட்டோம். சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன நாளில் வீதியில் வெடி கொளுத்தினார்கள், அப்போதும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்தோம். வாய் திறக்காததால்தான் நான் இந்த வயதுவரை வந்தேன்.

இங்கே கேள்விக்குத் தலை குனிந்தால், ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

ஹெரித் பெருமூச்சு விட்டார். "பெண்களோடு வேலை செய்ய முடியாத ஒருவரை நான் நிரந்தரமாக்க முடியாது. விடுமுறை முடிந்ததும் இன்னொரு முறை கதைப்போம். மொழி தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்," என்றார்.

5

இருபத்தாறாம் திகதி, படையல் முடிந்து சாப்பிட இருந்தபோது வீட்டில் சொன்னேன். வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? தர்சினிதான் வர வேண்டும்.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அப்பா! நீங்க பொம்பிளைகளுக்குக் கை குடுக்காத ஆள் எண்டு நினைக்கிறாங்க. இந்த நாட்டில அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"முதல் நாள் அந்தப் புள்ளைக்குக் கை குடுத்தனான்தானே."

"அதச் சொல்லியிரிக்கலாமே!"

"அவர் கேக்கல்ல."

"இஞ்சருங்க, கேட்டாத்தான் சொல்லுவீங்களா?" என்றாள் புஷ்பம். "உள்ளதச் சொல்லுங்க. உப்பக் கையில குடுக்கிறல்ல. அவ்வளவுதான்."

"அம்மா, நான்தான் அத ட்ரான்ஸ்லேட் பண்ணணும். 'உப்புக் குடுத்தா சண்டை வரும்.' அவங்க பாவம் எண்டு பார்ப்பாங்க. அது சிரிக்கிறதவிட மோசம்." என் பக்கம் திரும்பினாள். "முதுகு நோ எண்டு சொல்லுவம். கை நீட்ட ஏலாது எண்டு."

"மறுகா முதுகு ஏலாதவனுக்கு ஆரு வேலை குடுப்பா?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தில் அண்ணன் எப்போதும்போலச் சட்டைப் பொத்தான் ஒன்று திறந்தபடி இருந்தார். அது அடையாள அட்டைக்கு எடுத்த படம். வேறு படம் எங்களிடம் இல்லை. கடற்கரையில் இருந்த எங்கள் வாடிக் குடிசையோடு எல்லாம் போய்விட்டன.

6

தை மாதம் முதல் கிழமையில் போனோம். ஹெரித், லீஸ்பெத், நான், தர்சினி. நான்கு கோப்பி.

தர்சினி சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு முதல் வசனத்தைச் சொன்னாள். எங்கள் ஆட்கள் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, சண்டை வரும் என்று ஒரு நம்பிக்கை. சொல்லி முடித்ததும் அவள் காது சிவந்துவிட்டது.

லீஸ்பெத் உடனே, "உப்பு மட்டுமா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்தார். "உண்மை. சுத்தியலைத் தந்தார். பேனையும் தந்தார்." முகம் இளகியது.

ஹெரித்துக்கு அது போதவில்லை. "எங்கள் வேலையே உப்போடுதான். இந்த நம்பிக்கையை வேலை நேரத்தில் விட முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விட முடியும் என்று சொன்னால் வேலை கிடைத்துவிடும். தர்சினி என்னைப் பார்த்து, "ஓம் எண்டு சொல்லுங்க அப்பா," என்றாள்.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"அண்டைக்கு வெள்ளென கரைவலை இழுத்தம்," என்றேன். "நல்ல மீன்."

தர்சினி விழித்தாள். "என்னப்பா?"

"நீ சொல்லு மகள்."

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் ஒரு வசனம், அவள் ஒரு வசனம்.

விற்று மிஞ்சிய மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடு காயவைக்க, நானும் அண்ணனும் கடற்கரை வாடியில் இருந்தோம். அண்ணன் மீனை வெட்டிப் பிளந்துகொண்டிருந்தார். உப்புச் சாக்கு என் பக்கத்தில் இருந்தது. சிரட்டையில் அள்ளிக் கீழே வைப்பதுதான் வழக்கம். அன்று அவர் அவசரத்தில் கையை நீட்டி, "தாடா," என்றார். நான் என் கையால் அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்து அமத்தினேன். மீன் இரத்தமும் செதிலுமாக இருந்தது அவர் கை. "இண்டைக்குச் சண்டைதான்," என்று சிரித்தார்.

சண்டை வந்தது. குடிக்கத் தண்ணீர் முடிந்திருந்தது. வீதிக்கு அங்கால் இருந்த வீட்டுக்குப் போய் எடுத்துவரச் சொன்னார். நேற்றும் நான்தான் போனேன் என்றேன். தம்பி என்றால் போகத்தான் வேணும் என்றார். நான் வாளியை உதைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போ. போறவன் இந்தப் பக்கம் வராத!" என்றார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக் கிணற்றடியில் நிற்கும்போதுதான் ஆட்கள் கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள்.

தர்சினியை நான் முந்திவிட்டிருந்தேன். "வராத" என்ற இடத்தில் அவள் நின்றிருந்தாள். ஹெரித்தும் லீஸ்பெத்தும் காத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மொழியில் அந்த வசனம் தெரியும், சின்ன வசனம்தான். நானே சொன்னேன்.

"அண்ணனை எடுக்கவில்லை," என்று மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். எடுக்கவில்லை என்றால் உடல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தர்சினி அதையும் சொன்னாள், மெதுவாக.

"நான் சண்டைக்குப் பயந்து வைக்கல்ல," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. "அந்தச் சண்டை வந்ததாலதான் நான் இரிக்கன். கடைசியா என்ட கை அவர்ர கையில பட்டது உப்புக் குடுக்கக்குள்ள. அதுக்குப் பிறகு ஒருத்தர்ர கையிலயும் நான் உப்பு வைக்கல்ல."

தர்சினி அதை மொழிபெயர்க்க வெகுநேரம் எடுத்தாள். மேசைக்குக் கீழே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹெரித் கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னது தனக்குப் போதும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது தர்சினி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "பெரியப்பாட கை எப்பிடி இருக்கும்?"

"வலை இழுத்த கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. சின்ன விரல் நிமிராது."

"ஏன் நிமிராது?"

அது ஒரு நீண்ட கதை. வீட்டுத் தரிப்பிடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போன பிறகுதான் இறங்கினோம்.

7

மாசி பிறக்குமுன் ஹெரித் களஞ்சியத்துக்கே வந்து கை கொடுத்தார். வேலை நிரந்தரம் என்றார். நான் இரண்டு முறை நன்றி சொன்னேன், இரண்டாவது முறை தமிழில். புஷ்பத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். "சரி. வரக்குள்ள வெங்காயம் வாங்கிற்று வாங்க," என்றாள். பிறகு அழுதாள்.

அன்று பின்நேரம் புதுப் பெட்டி ஒன்று திறந்தோம். வெள்ளை உப்பு, கண்ணாடித் தெளிவு. லீஸ்பெத் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். எனக்காக அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் குனிந்து எடுக்க வேண்டியிருக்கிறதே என்று பட்டது. எனக்கு இவ்வளவு செய்தவர்களுக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? களைப்பாகவும் இருந்தது. இத்தனை வருடமாக ஒரு கையை மூடியே வைத்திருப்பதும் களைப்புத்தான்.

துண்டை எடுத்தேன். மேசைக்கு மேலால், அவருடைய கையை நோக்கி நீட்டினேன்.

லீஸ்பெத் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வாத்தியாருக்கு முன்னால் நிற்கும் பிள்ளை போலக் கட்டிக்கொண்டார்.

"மேசையில்," என்றார்.

நான் மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார்.